சைகை மொழிபெயர்ப்பாளருக்காகக் குரல் கொடுப்பது எப்படி: தென்னாப்பிரிக்காவில் வேலை செய்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

2023 ஜூலை 19 அன்று பிரிட்டோரியாவில் அதிபர் சிரில் ராமபோசா அரசமைப்பின் 18-ஆவது திருத்தத்தில் கையெழுத்திட்டார். தென்னாப்பிரிக்கச் சைகை மொழி நாட்டின் 12-ஆவது ஆட்சிமொழியானது. சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. ஆனால் மூன்று மணி நேரக் கூட்டத்துக்கு ஒரே ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுவது, பேச்சாளரின் உரையை மேடையேறும்போது கையில் திணிப்பது, நாலு மாதம் கழித்துப் பணம் தருவது, "நல்ல காரியம்தானே, காசு கேட்பீர்களா?" என்பது எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன.

இந்த வழிகாட்டி டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேசியா பக்கம் வேலை செய்யும் தமிழ்க் குடும்பத்து மொழிபெயர்ப்பாளர்களுக்கும், காதுகேளாத பெற்றோருக்குப் பிறந்து சிறு வயதிலிருந்தே வீட்டுக்கு மொழிபெயர்த்து வளர்ந்தவர்களுக்கும், நிகழ்ச்சி நடத்தும் கோயில் கமிட்டிக்காரர்களுக்கும் எழுதப்பட்டது. முழுக்க ஒரே ஒரு கொள்கையில்தான் இது நிற்கிறது: மொழிபெயர்ப்பாளரின் வேலை நிபந்தனையை அவருக்குச் செய்யும் சலுகையாகக் கேட்கக் கூடாது. காதுகேளாதவருக்குச் சரியான தகவல் போய்ச் சேர என்ன வேண்டுமோ அதைக் கேட்க வேண்டும். வேலைக்கு முன்பே, எழுத்தில்.

எந்த இடத்தில் எந்தச் சட்டம்

எல்லாச் சட்டத்தையும் ஒரே கடிதத்தில் அடுக்கினால் யாரும் படிக்க மாட்டார்கள். இடத்துக்கு ஏற்ற ஒன்றிரண்டு போதும்.

அரசு மருத்துவமனைக்கு எழுதும்போது 2003-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம், 6-ஆம் பிரிவு. நோயாளிக்குப் புரியும் மொழியில் விவரம் சொல்ல வேண்டும் என்று அது சொல்கிறது. கூடவே "இயன்றவரை" என்ற சொல்லும் அதில் இருக்கிறது, நிர்வாகம் அதைத்தான் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் முன்கூட்டியே எழுத்தில் கேட்பது முக்கியம். இரண்டு வாரத்துக்கு முன்னால் கடிதம் வந்திருக்கும்போது "இயலவில்லை" என்று சொல்வது கடினம்.

குற்ற வழக்கில் அரசமைப்பின் 35(3)(k). குற்றம் சாட்டப்பட்டவர் தனக்குப் புரியும் மொழியில் விசாரிக்கப்பட வேண்டும், அது முடியாவிட்டால் நடவடிக்கைகள் அந்த மொழியில் பெயர்க்கப்பட வேண்டும். பலர் இங்கே சறுக்குவார்கள்: இந்த உட்பிரிவு குற்றம் சாட்டப்பட்டவருக்கு மட்டும்தான். சாட்சிக்கும், புகார் கொடுத்தவருக்கும், சிவில் வழக்காளிக்கும் இதைக் காட்டினால் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு நிமிடத்தில் தள்ளிவிடுவார். அவர்களுக்கு 9-ஆம் பிரிவின் சமத்துவ உரிமையும், 2000-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டமும்தான் கைகொடுக்கும். மாற்றுத்திறனாளி ஒருவருக்குத் தேவையான உதவி வசதியை மறுப்பதே பாகுபாடு என்று அந்தச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு சொல்கிறது.

வேலை இடத்தில் 1998-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம். நேர்முகத் தேர்வு, பயிற்சி, ஒழுங்கு விசாரணை எதுவானாலும் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது முதலாளியின் பொறுப்பு. தாங்கவே முடியாத சுமை என்று நிரூபித்தால்தான் அவர் தப்பலாம். பள்ளியில் 1996-ஆம் ஆண்டின் பள்ளிகள் சட்டம் 6(4). தரம் பற்றிப் பேச்சு வந்தால் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உடன்படிக்கையின் 9-ஆம் உறுப்பு. "தொழில்முறைச் சைகை மொழிபெயர்ப்பாளர்" என்று அதில் வெளிப்படையாகவே இருக்கிறது, தென்னாப்பிரிக்கா 2007-இல் அதை ஏற்றுக்கொண்டது.

தமிழ் அமைப்புகளிடம் பேசும்போது ஒன்றைச் சொல்லலாம். அரசமைப்பின் 6(5)-இல் மதிப்புடன் நடத்தப்பட வேண்டிய சமூக மொழிகளின் வரிசையில் தமிழின் பெயரும் இருக்கிறது. நம் மொழிக்கு மரியாதை கேட்டு அந்த வரியைக் காட்டுபவர்கள், அதே பிரிவில் இடம்பெற்ற சைகை மொழியை நம் மண்டபத்துக்குள் விடாமல் இருப்பது சரியாக இருக்காது.

முதல் படி: உங்கள் தகுதியைக் காகிதத்தில் நிறுத்துங்கள்

2013 டிசம்பர் 10 அன்று மண்டேலா நினைவுக் கூட்டத்தில் மொழிபெயர்ப்பாளராக மேடையில் நின்றவர் காட்டியது சைகை மொழியே அல்ல என்று காதுகேளாதோர் உடனே சொன்னார்கள். உலகமே பார்த்தது. அதற்குப் பிறகு "உங்கள் தகுதி என்ன?" என்ற கேள்வி அவமானமல்ல. அதை நீங்களே எதிர்பார்த்துப் பதிலோடு போக வேண்டும்.

ஒரே பக்கத்தில் ஐந்து விஷயம் போதும்: படித்த பட்டயம் அல்லது பட்டம், தென்னாப்பிரிக்க மொழிபெயர்ப்பாளர் கழகத்தின் அங்கீகாரத் தேர்வு முடிவு (சைகை மொழிபெயர்ப்புக்கும் அங்கே தேர்வு உண்டு), எந்தத் துறையில் எத்தனை மணி நேர அனுபவம், எந்த நெறிமுறைக்குக் கட்டுப்பட்டவர், உங்கள் வேலையைப் பார்த்த இரண்டு காதுகேளாதவர்களின் பரிந்துரை. ஐந்தாவதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். சைகை தெரியாத அதிகாரி தரும் பாராட்டுக் கடிதம் உங்கள் கை வேகமாக அசைந்ததைத்தான் நிரூபிக்கும்.

எதைச் செய்ய மாட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். "நீதிமன்ற வேலை ஏற்பதில்லை", "மனநல ஆலோசனைக்குக் காதுகேளாத மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் உடன் வேண்டும்" என்ற வரி உங்கள் மதிப்பைக் குறைக்காது.

டர்பனில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நிறவெறிக் காலத்தில் காதுகேளாதோர் பள்ளிகளும் இனவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் ஊருக்கு ஊர், பள்ளிக்குப் பள்ளி சைகைச் சொற்கள் மாறும். வி.என்.நாயக் பள்ளியில் படித்த சாட்ஸ்வொர்த் பெரியவர் காட்டும் சில சைகைகள் கேப் டவுனிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளருக்குப் புதிதாக இருக்கலாம். ஆகவே "யாராவது ஒருவரை அனுப்புங்கள்" என்ற ஏற்பாட்டை ஏற்காதீர்கள். சம்பந்தப்பட்ட காதுகேளாதவரிடம் யார் வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: வேலை நேரத்தில் ஒரு வேடம், வெளியே ஒரு வேடம்

உரிமைக்காகப் பேசும் ஆர்வத்தில் இங்கேதான் அதிகம் கெடுகிறது. வேலையில் இருக்கும்போது நீங்கள் எந்தப் பக்கத்துக்கும் வக்கீல் அல்ல. தகவல் போய்ச் சேர்வதைப் பற்றி மட்டுமே வாய் திறக்கலாம்.

மருத்துவர் உங்களைப் பார்த்து, "அவரிடம் சொல்லுங்கள், மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று" என்பார். "டாக்டர், நேராக அவரிடமே பேசுங்கள், நான் மொழிபெயர்க்கிறேன்" என்று சொல்லலாம். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தால் இடம் மாற்றித் தரக் கேட்கலாம். வேகம், மறுபடி சொல்லுதல், ஓய்வு ஆகியவற்றையும் கேட்கலாம். நீதிமன்றத்தில் இதைப் படர்க்கையில் சொல்வது வழக்கம்: "மொழிபெயர்ப்பாளர் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கிறார், ஐயா." இல்லாவிட்டால் அது சாட்சியின் பேச்சாகப் பதிவாகிவிடும். சிகிச்சை சரியா, சம்பள உயர்வு நியாயமா, தீர்ப்பு எப்படி என்பதில் உங்களுக்கு வாயே கிடையாது.

அநியாயம் கண்ணெதிரே நடந்தால்? முடிந்த பிறகு, புகார் கொடுக்கும் வழிகள் எவை என்று காதுகேளாதவரிடம் சொல்லலாம். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு. வாட்ஸ்அப் குழுவில் எழுதவே கூடாது. பெயர் போடவில்லை என்பது சமாதானம் ஆகாது. "நேற்று யூனிட் 5 அம்மா ஒருவருக்கு ஸ்கேன் ரிப்போர்ட்" என்றாலே சாட்ஸ்வொர்த்தில் பாதிப் பேருக்கு ஆள் தெரிந்துவிடும். நெறிமுறை மீறல் மட்டுமல்ல, தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்திலும் மாட்டிக்கொள்வீர்கள்.

அதற்குப் பதில் ஒரு குறிப்பேடு வையுங்கள். தேதி, இடத்தின் வகை (மருத்துவமனை, பள்ளி, கூட்டம்), மொத்த நேரம், எத்தனை மொழிபெயர்ப்பாளர், ஆயத்தப் பொருள் எப்போது வந்தது, ஓய்வு கிடைத்ததா, என்ன தடங்கல், பணம் எந்தத் தேதியில் வந்தது. ஆளை அடையாளம் காட்டும் எதுவும் கூடாது. பத்துப் பேர் ஆறு மாதம் இப்படி எழுதினால், அதிகாரியின் முன்னால் வைக்கக் குமுறலுக்குப் பதிலாக ஓர் அட்டவணை இருக்கும்.

மூன்றாம் படி: நிபந்தனைத் தாள்

இதுதான் உங்கள் முக்கிய ஆயுதம். ஒரு பக்கம், அதிகபட்சம் ஒன்றரை. அழைப்பு வந்த அன்றே அனுப்ப வேண்டும், ஒப்புதல் மின்னஞ்சல் வரும் வரை தேதியை உறுதி செய்யக் கூடாது.

ஆட்கள்: ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு இருவர், 20 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறுவார்கள். நாள் முழுக்க நடக்கும் மாநாட்டுக்கு மூவர். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தாலும் நீதிமன்ற விசாரணை, தொடர் விரிவுரை போன்ற இடைவெளியில்லாத பேச்சுக்கு இருவரைக் கேளுங்கள்.

"ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்கும் காசா?" என்று கணக்குப் பிரிவில் கண்டிப்பாகக் கேட்பார்கள். அதற்கான பதிலைத் தாளிலேயே எழுதிவிடுங்கள். இரண்டாமவர் ஓய்வெடுப்பதில்லை. பெயர், எண், தவறிய சொல் ஆகியவற்றைப் பிடித்து எடுத்துக்கொடுப்பது அவர் வேலை. அரை மணி நேரம் தாண்டினால் முதலில் சுருங்குவது சைகையின் அளவு, அப்புறம் முகபாவம் மங்கும், அதற்கப்புறம் எண்கள் விழும். களைத்த மொழிபெயர்ப்பாளருக்குத் தன் தவறு தனக்கே தெரியாது என்பதுதான் இதில் ஆபத்து. சைகை மொழியில் எதிர்மறை கையில் மட்டும் இல்லை, தலையசைவிலும் முகத்திலும் இருக்கிறது. முகம் சோர்ந்துபோனால் "அறுவைக்கு முன் சாப்பிடக் கூடாது" என்பதிலிருந்து "கூடாது" நழுவிவிடும். இந்த ஒரு எடுத்துக்காட்டை மருத்துவமனை அதிகாரியிடம் சொல்லிப் பாருங்கள், மனித உரிமைப் பிரசங்கத்தை விட வேகமாக வேலை செய்யும். தோள், மணிக்கட்டு, விரல் நரம்பு வலி வேறு. பல நல்ல மொழிபெயர்ப்பாளர்கள் தொழிலை விடுவதற்கு அது ஒரு காரணம்.

ஆயத்தம்: நிகழ்ச்சி நிரல், உரை, ஸ்லைடுகள், பெயர்ப்பட்டியல், பாடல் வரிகள் மூன்று வேலைநாளுக்கு முன். சட்டம், மருத்துவம் என்றால் ஐந்து. வராவிட்டால் என்ன ஆகும் என்றும் எழுதுங்கள்: "பொருள் கிடைக்காத பகுதி சுருக்கமாகவே பெயர்க்கப்படும்."

இடமும் வெளிச்சமும்: பேச்சாளருக்கு அருகே, அவரையும் உங்களையும் பார்வையாளர் ஒரே பார்வையில் காணும்படி. பின்னால் ஜன்னலோ, ஓடும் திரையோ, மினுக்கும் விளக்கோ கூடாது. ஒளிபரப்பு என்றால் திரையில் நான்கில் ஒரு பங்கு கேளுங்கள். மூலையில் தபால்தலை அளவுப் பெட்டியில் விரல் அசைவே தெரியாது. இணையக் கூட்டமானால் மொழிபெயர்ப்பாளரின் சாளரத்தை எல்லோருக்கும் நிலைநிறுத்த ஒருவரைப் பொறுப்பாக்கச் சொல்லுங்கள். மின்வெட்டுக்கு மாற்று மின்கலமும் மொபைல் டேட்டாவும் இரு பக்கமும் வேண்டும்.

பதிவு: அனுமதி இல்லாமல் ஒளிப்பதிவோ நேரலையோ கூடாது. பதிவு மறுபயன்பாட்டுக்கு வந்தால் தனிக் கட்டணம்.

ரத்து: 48 மணி நேரத்துக்குள் ரத்தானால் பாதி, 24 மணி நேரத்துக்குள் முழுக் கட்டணம் என்பது நியாயமான அளவு. அந்தத் தேதிக்காக வேறு வேலையை விட்டிருப்பீர்கள் என்பதே இதற்குக் காரணம், அதையும் எழுதுங்கள்.

நான்காம் படி: கட்டணமும் வசூலும்

மூன்று மணி நேர வேலைக்கு உண்மையில் எவ்வளவு நேரம் போகிறது என்று கணக்குப் போடுங்கள். ஆயத்தம் 2 மணி, வெருலத்திலிருந்து டர்பன் நகர மையம் போய்வர 1.5 மணி, வேலை 3 மணி, விலைப்புள்ளி, விலைப்பட்டியல், தொடர் மின்னஞ்சல் அரை மணி. மொத்தம் 7. உங்கள் மாதச் செலவையும் விரும்பும் வருமானத்தையும் கூட்டி, மாதத்தில் வேலை கிடைக்கக்கூடிய மணி நேரத்தால் வகுத்தால்தான் மணிக்கட்டணம் வரும். மற்றவர் கேட்பதைக் கேட்டு விலை வைத்தால் அவர் நஷ்டம் உங்களுக்கும் வரும். குறைந்தபட்ச முன்பதிவு இரண்டு மணி நேரம். பயணத்துக்கு சார்ஸ் (வருவாய்த் துறை) ஆண்டுதோறும் வெளியிடும் கிலோமீட்டர் கட்டணத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் யாரும் தர்க்கம் செய்ய மாட்டார்கள்.

அரசுத் துறைக்கு வேலை செய்ய தேசியக் கருவூலத்தின் மையச் சப்ளையர் தரவுத்தளத்தில் பதிந்திருக்க வேண்டும். வரி இணக்க நிலை பச்சையாக இல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். ஆர்டர் எண் கையில் இல்லாமல் வேலைக்குப் போகாதீர்கள். "முதலில் வந்துவிடுங்கள், ஆர்டர் பின்னால் வரும்" என்பது பணம் ஆறு மாதம் தொங்குவதற்கான முன்னறிவிப்பு. ஆர்டர் எண் இல்லாத செலவை முறைகேடான செலவு என்று தணிக்கையில் எழுதுவார்கள் என்ற பயத்தில் அதிகாரியும் கையெழுத்துப் போட மாட்டார்.

கருவூல விதி 8.2.3-இன்படி விலைப்பட்டியல் கிடைத்த 30 நாளுக்குள் துறை பணம் தர வேண்டும். ஆகவே விலைப்பட்டியலை நேரில் கொடுத்தாலும் மின்னஞ்சலிலும் அனுப்பி, கிடைத்ததாகப் பதில் வாங்குங்கள். நாள் எண்ணுவது அதிலிருந்துதான். 25-ஆவது நாள் மரியாதையான நினைவூட்டல். 31-ஆவது நாள் அந்த விதி எண்ணைக் குறிப்பிட்டுத் தலைமை நிதி அலுவலருக்கு, மாகாணக் கருவூலத்துக்குப் பிரதியுடன். பெரும்பாலும் பிரதி வரியே வேலையை முடித்துவிடும்.

கோயில், கல்யாணம், காவடி

தைப்பூசக் காவடி, புனித வெள்ளியில் இசிபிங்கோ மாரியம்மன் கோயில் கூட்டம், தீமிதி ஆகியவற்றுக்குக் காதுகேளாத பக்தர்கள் வருகிறார்கள். கும்பிட்டுவிட்டு, கூழ் குடித்துவிட்டு, சொற்பொழிவில் என்ன சொன்னார்கள் என்றே தெரியாமல் வீட்டுக்குப் போகிறார்கள். கமிட்டியிடம் கேட்டால், "யாரும் கேட்கவில்லையே" என்பார்கள். கேட்கும் வழி எங்கே இருந்தது என்பதுதான் பதில் கேள்வி. அழைப்பிதழில் "சைகை மொழிபெயர்ப்பு உண்டு" என்ற ஒரு வரியும், குறுஞ்செய்திக்கு ஓர் எண்ணும் போடச் சொல்லுங்கள். குரல் அழைப்புக்கு மட்டும் எண் போட்டால் யாருக்காகப் போட்டார்களோ அவர்களால் பயன்படுத்த முடியாது.

தேவாரம், திருப்புகழ் வரிகளும் அவற்றின் ஆங்கிலப் பொருளும் ஒரு வாரத்துக்கு முன் மொழிபெயர்ப்பாளர் கைக்கு வர வேண்டும். இங்கே பல மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தமிழ் தெரியாது. தமிழிலிருந்து ஒருவர் ஆங்கிலத்தில் சொல்ல, அதிலிருந்து சைகைக்குப் போகும்போது தாமதம் இரட்டிப்பாகும், அதற்கேற்ப ஓதுவார் சரணத்துக்குச் சரணம் நிறுத்த வேண்டும். வரிக்கு வரி சைகை செய்வது பாட்டையும் கெடுக்கும், பொருளையும் கெடுக்கும். ஒரு பாட்டுக்கு ஒரு சாரம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். சமஸ்கிருத மந்திரத்தை எழுத்தெழுத்தாக விரலில் காட்ட வேண்டியதில்லை, யாரைத் துதித்து என்ன வேண்டுகிறார்கள் என்பது போதும். முருகனுக்கும் அம்மனுக்கும் என்ன சைகைப்பெயர் என்று நீங்களாக உருவாக்காதீர்கள். அது காதுகேளாத பக்தர்கள் வைத்திருப்பது, அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிற்கும் இடம் தனிப் பாடம். வாழைத்தோரணம், சீரியல் பல்பு, அபிஷேகக் கூட்டம் எதையும் முதுகுக்குப் பின் வைக்காதீர்கள். சாம்பிராணிப் புகை காற்றுவாக்கில் முகத்தை மறைக்கும் என்பதால் புகைச்சட்டிக்குக் காற்று வரும் பக்கம் நில்லுங்கள். ஜரிகைப் பட்டு, கண்ணாடி வளையல், கல் மோதிரம் மூன்றும் அன்றைக்கு வேண்டாம். தோல் நிறத்துக்கு எதிரான ஒற்றை நிறத்தில் பருத்திப் புடவையோ சட்டையோ போதும். மஞ்சளும் திருநீறும் தடையில்லை. காவடி ஊர்வலத்தில் மொழிபெயர்ப்பவர் பின்னோக்கி நடக்க வேண்டியிருக்கும், அதுவும் வெறுங்காலில். தோளைப் பிடித்து வழிகாட்ட ஒரு தொண்டர் கட்டாயம். இல்லையென்றால் ஊர்வலம் நிற்கும் இடங்களில் மட்டும் மொழிபெயர்ப்பு என்று முன்பே பேசுங்கள்.

இனிக் காசு. "சாமி காரியம்" என்பார்கள். குருக்களுக்குத் தட்சிணை உண்டு, நாதஸ்வரத்துக்குச் சம்பளம் உண்டு, பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் பில் உண்டு. மொழிபெயர்ப்பாளருக்கும் பில் இருக்க வேண்டும். நீங்கள் உண்மையிலேயே கோயிலுக்குச் செய்ய விரும்பினால் இலவசமாகப் போகாதீர்கள். முழுத் தொகைக்கு விலைப்பட்டியல் கொடுங்கள், பணம் வாங்குங்கள், பிறகு விரும்பியதை நன்கொடையாகத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அப்போதுதான் கமிட்டியின் வரவுசெலவில் "சைகை மொழிபெயர்ப்பு" என்று ஒரு தலைப்பு விழும். செலவாக எழுதப்படாதது அடுத்த ஆண்டு திட்டத்தில் இருக்காது. நீங்கள் ஊரில் இல்லாத ஆண்டில் காதுகேளாதவருக்கு ஒன்றும் இருக்காது.

வீட்டுப் பிள்ளைகளை மொழிபெயர்க்க நிறுத்துவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கல்யாணத்தில் பந்திக்குக் கூப்பிடப் பிள்ளை சைகை காட்டலாம். அம்மாவின் புற்றுநோய் முடிவையோ, அப்பாவின் வேலைநீக்க விசாரணையையோ பத்து வயதுப் பிள்ளை மொழிபெயர்க்கக் கூடாது. நிர்வாகம் "மகள்தான் வந்திருக்கிறாளே" என்றால், காதுகேளாதவர் காட்டுவதற்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து வையுங்கள்: "என் குடும்பத்தார் என் மொழிபெயர்ப்பாளர் அல்லர். தகுதியுள்ளவரை ஏற்பாடு செய்யுங்கள், அதுவரை அவசர சிகிச்சை மட்டும் தொடரட்டும்."

ஐந்தாம் படி: கூட்டாகச் சேர்வது

தனியாக நிபந்தனை போடுபவரை "கஷ்டமான ஆள்" என்று ஒதுக்குவார்கள். எட்டுப் பேர் ஒரே வேலைத்தரத்தைக் கேட்டால் அது தொழிலின் வழக்கமாகிவிடும். உலகச் சைகை மொழிபெயர்ப்பாளர் சங்கத்தின் முதல் மாநாடு 2005-இல் மேற்குக் கேப்பில் உள்ள நம் வூஸ்டரில்தான் நடந்தது. 2011-இல் காதுகேளாதோரின் உலகப் பேராயம் டர்பனில் கூடியது. அந்தச் சங்கம் காதுகேளாதோரின் உலகக் கூட்டமைப்போடு கைகோத்தே நடக்கிறது. நீங்களும் உங்கள் குழுவின் முதல் கூட்டத்துக்கே தென்னாப்பிரிக்கக் காதுகேளாதோர் கூட்டமைப்பான டெஃப்சாவின் மாகாணக் கிளையைக் கூப்பிடுங்கள். நிர்வாகக் குழுவில் காதுகேளாதவர்களுக்கு வாக்குரிமையுள்ள இடம் வையுங்கள். கேட்கும் திறனுள்ளவர்கள் மட்டும் கூடி "அவர்களுக்காக"ப் பேசும் குழுவைக் காதுகேளாதோர் நம்ப மாட்டார்கள். நம்பவும் வேண்டியதில்லை.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. தனித்தனியாகத் தொழில் செய்பவர்கள் கூடி "இனி மணிக்கு இவ்வளவுக்குக் குறைந்து யாரும் போகக் கூடாது" என்று முடிவெடுப்பது 1998-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் 4(1)(b)-இன்படி விலை நிர்ணயக் கூட்டு. நல்ல நோக்கம் என்ற வாதம் எடுபடாது. விலை மட்டுமல்ல, வணிக நிபந்தனைகளைக் கூட்டாக நிர்ணயிப்பதும் அதே உட்பிரிவில் வருகிறது. எனவே கட்டணமும் ரத்துத் தொகையும் அவரவர் முடிவு. அவற்றை வாட்ஸ்அப் குழுவில் பேசவே பேசாதீர்கள். குழுவாக வெளியிடலாம் என்றால் பாதுகாப்பும் தரமும் பற்றிய பரிந்துரை: இருவர் முறை, மாறும் நேரம், வெளிச்சம், ஆயத்தப் பொருள். அதையும் அச்சுக்குப் போகும் முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

ஆறாம் படி: மறுத்தால்

முதலில் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். போனில் "பட்ஜெட் இல்லை" என்றால், அன்றே "நீங்கள் இன்று சொன்னதை இப்படிப் புரிந்துகொண்டேன்" என்று மின்னஞ்சல் போடுங்கள். அரசு நிறுவனமானால் தகவல் அணுகல் சட்டப்படி, சென்ற நிதியாண்டில் மொழிபெயர்ப்புக்கு ஒதுக்கியது எவ்வளவு, செலவிட்டது எவ்வளவு என்று கேட்கலாம், பதிலுக்கு 30 நாள். பல நேரம் ஒதுக்கீடு இருந்து செலவாகாமலே திரும்பியிருக்கும்.

அதற்கு மேல் தென்னாப்பிரிக்க மனித உரிமை ஆணையம், அல்லது சமத்துவ நீதிமன்றம். மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களே சமத்துவ நீதிமன்றங்களாகவும் செயல்படுகின்றன. அங்கே உள்ள எழுத்தரிடம் படிவம் 2 வாங்கி நிரப்ப வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. வழக்காளி காதுகேளாதவராகவே இருக்கட்டும். அவர் சார்பில் ஒரு சங்கமும் தொடுக்கலாம். மொழிபெயர்ப்பாளர் தன் பெயரில் தொடுத்தால் அது காசுத் தகராறாகத் திரிந்துவிடும். அந்த வழக்குக்கு மொழிபெயர்ப்பவரும் நீங்களாக இருக்கக் கூடாது.

ஏழாம் படி: பட்ஜெட் நாட்காட்டி

தேசிய, மாகாணத் துறைகளின் நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது, நகராட்சியினுடையது ஜூலை 1-இல். காதுகேளாதோர் மாதமான செப்டம்பரில் எல்லா அலுவலகமும் உங்களை வரவேற்கும், படம் எடுத்துக்கொள்ளும். ஆனால் எதேக்வினி (டர்பன்) நகராட்சியின் அந்த ஆண்டுப் பணம் அதற்குள் பங்கு போடப்பட்டிருக்கும். நகராட்சி நிதிச் சட்டப்படி வரைவு பட்ஜெட் ஆண்டு தொடங்குவதற்கு 90 நாள் முன்னதாக, அதாவது மார்ச் இறுதிக்குள், மன்றத்தில் வைக்கப்பட வேண்டும். பொதுமக்கள் கருத்துச் சொல்லும் காலம் அதன் பிறகு ஏப்ரல், மே. உங்கள் குறிப்பேட்டு அட்டவணை அங்கேதான் போக வேண்டும்.

மனு இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. எந்தச் சேவை, வருடத்துக்கு எத்தனை மணி நேரம், இருவர் முறையில் எவ்வளவு மொத்தச் செலவு, எந்தத் துறையின் எந்தத் தலைப்பில் வர வேண்டும் என்று எழுதுங்கள். "காதுகேளாதோருக்கு உதவுங்கள்" என்று மட்டும் முடித்தால் சமூகநலப் பிரிவுக்குத் தள்ளிவிட்டுக் கோப்பை மூடுவார்கள். ஆர்.கே.கான் போன்ற அரசு மருத்துவமனைகளுக்கு வேறு வழி: மருத்துவமனை வாரியத்தில் சமூகப் பிரதிநிதிகள் இருப்பார்கள், உங்கள் வட்டாரத்தவர் யார் என்று பார்த்து அவர் மூலம் நிகழ்ச்சி நிரலில் சேருங்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேசுபவர் காதுகேளாதவராக இருக்கட்டும், மூன்று நிமிடம் போதும். அந்தக் கூட்டத்துக்கான இரண்டு மொழிபெயர்ப்பாளர்களையும் நகராட்சியே ஏற்பாடு செய்ய வேண்டும் என்று பத்து வேலைநாளுக்கு முன் எழுத்தில் கேளுங்கள். செய்யாவிட்டால், அவர்கள் அனுப்பிய பதிலின் நகலை மனுவின் முதல் பக்கத்தில் இணைத்துக் கொடுங்கள்.